41 வயதில் ஆம்புலன்ஸ் வேலைக்கு வரலாமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கேட்டவருக்கு வயது 41. மன்னார்குடிக்குத் தெற்கே கோட்டூர்ப் பக்கம் சொந்த ஊர். பதினான்கு ஆண்டு சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்து, கடைசியில் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஆகி, போன வருஷம் ஊர் திரும்பியிருக்கிறார். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த ராத்திரி 108-ல் வந்த பையன் நடந்துகொண்ட விதம் மனசில் நின்றுவிட்டது. தானும் அந்த வேலைக்குப் போகலாம் என்று யோசிக்கிறார். வீட்டிலோ, “பொணவண்டிக்கா போகப்போறீங்க? நாளைக்குப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க வேணாமா?” என்கிறார்களாம். இந்த வயதில் முடியுமா, ஊரில் மதிப்பு இருக்குமா என்று கேட்கிறார்.

நான் 2009-ல், 29 வயதில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்து வேலையை விட்டுவிட்டு ஆம்புலன்ஸில் ஏறியவன். திருவாரூர், நாகை மாவட்டங்களில் பதின்மூன்று வருஷம் ஓடினேன். இடுப்பு போன பிறகு இறங்கிவிட்டேன். இப்போது முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 108-ல் நீங்கள் சேர முடியாது. கடந்த சில ஆண்டு ஆள்சேர்ப்பு அறிவிப்புகளில் மருத்துவ உதவியாளருக்கு 19 முதல் 30 வயது வரை, ஓட்டுநருக்கு 24 முதல் 35 வரை என்றுதான் போடுகிறார்கள். மருத்துவ உதவியாளருக்கு நர்சிங்கோ, டி.எம்.எல்.டி. என்ற ஆய்வகப் பட்டயமோ, விலங்கியல், தாவரவியல் போன்ற உயிரியல் பட்டமோ வேண்டும். எழுத்துத் தேர்வு, நேர்காணல் எல்லாம் முடித்து உள்ளே போனால் சுமார் 50 நாள் பயிற்சி, பிறகு பகலும் இரவும் மாறி மாறிப் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு, மாதம் 21,000 ரூபாய் சுமாருக்குச் சம்பளம். அது அரசு வேலையும் இல்லை. அரசு பணம் கொடுக்க, ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் சேவை அது. வண்டியில் அரசு முத்திரை இருப்பதால் ஊரே அதை கவர்மென்ட் உத்தியோகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குப் பெண் பார்க்கும்போது அந்த நினைப்பு உதவியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கதவு அது ஒன்றுதானா என்றால், இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன். மதிப்பு பற்றி நீங்கள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். வேலையே அதில்தான் புரியும்.

நம் ஊரில் இந்த வேலைக்காரனுக்குப் பெயர் கிடையாது. அவமதிப்பு என்று இதைச் சொல்ல மாட்டேன். ‘பாராமெடிக்கல் படிச்சிருக்கான்’ என்றால் இங்கே லேப், எக்ஸ்ரே, டயாலிசிஸ் என்று ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் எவரும் அதில் அடங்குவார்கள். இங்கிலாந்தில் பாராமெடிக் என்றால் ஆம்புலன்ஸில் வந்து சிகிச்சை செய்கிறவர்; அந்தப் பெயரையே சட்டம் காக்கிறது. பதிவு இல்லாத ஆள் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே காகிதத்தில் ‘மருத்துவ உதவியாளர்’. வாசலில் போய் இறங்கினால் ஆணை ‘கம்பவுண்டரே’ என்பார்கள், அல்லது ‘டிரைவர் தம்பி’. பெண்ணாக இருந்தால் ‘நர்ஸம்மா’ என்று உடனே வழி விடுவார்கள். என்னோடு வேலை பார்த்த பெண் பிள்ளைகளுக்கு முதல் நிமிஷத்திலேயே கிடைத்த மரியாதையை நான் கால் மணி நேரம் பேசிச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. மறுநாள் டீக்கடையில் கதை சொல்லும்போது, ‘வண்டி வந்துச்சு, தூக்கிட்டுப் போச்சு’ என்பார்கள். அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை, பார்த்தீர்களா?

தூக்கிட்டுப் போவதுதான் வேலை என்று ஊர் நினைப்பதால் வரும் சங்கடம் சின்னதல்ல. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்தவரைப் பார்க்கப் போனால் தெரியும். நாம் போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்த உட்கார வைத்ததிலேயே கால் இரண்டும் போயிருக்கலாம். தலையை ஒருவர் பிடித்து, கழுத்துப் பட்டை போட்டு, உடம்பை ஒரே கட்டையாக உருட்டிப் பலகையில் ஏற்றி, வார் கட்ட ஐந்தாறு நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் சுற்றி நிற்பவர்கள் சொல்வது: “ஏங்க, ஆளு போயிக்கிட்டிருக்கு, இங்கயே வச்சு என்னத்த நோண்டிக்கிட்டு இருக்கீங்க? தூக்குங்க!” கை ஓங்கியவர்களும் உண்டு. அவர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. மூன்று தலைமுறையாக நோயாளியைக் கட்டிலோடும் கதவுப் பலகையோடும் தூக்கி அம்பாசடர் காரில் திணித்துத்தானே பழக்கம்? தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பித்தது 2008 செப்டம்பரில். கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போன 2004 ஜூலையிலும், அதே வருஷம் டிசம்பரில் நாகையைச் சுனாமி அடித்தபோதும் கூப்பிட அப்படி ஓர் எண்ணே இல்லை. சிகிச்சை வாசலிலேயே தொடங்கும் என்ற பழக்கம் நமக்கு வந்து இன்னும் இருபது வருஷம் ஆகவில்லை.

உங்கள் வீட்டம்மா சொன்ன ‘பொணவண்டி’க்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 108 சடலம் ஏற்றாது. இலவச அமரர் ஊர்திக்குத் தனி எண் உண்டு, 155377. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. அமெரிக்காவில் 1966-ல் வந்த ஓர் அறிக்கை, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியைச் சவ அடக்கம் செய்கிறவர்களே நடத்துகிறார்கள் என்றது. காரணம் வேடிக்கையானது. ஆளைப் படுக்க வைத்துக் கொண்டுபோகிற அளவுக்கு நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது! அடுத்த வருஷம் பிட்ஸ்பர்க் நகரில், வேலைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கி வைத்திருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற ஆம்புலன்ஸ் சேவை தொடங்கியது. பீட்டர் சாஃபர் என்ற மயக்கவியல் மருத்துவர் அவர்களுக்குச் சுமார் 300 மணி நேரம் பாடம் எடுத்தார். வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்கும் முறையை நிலைநாட்டியவர்களில் ஒருவர் அவர். அந்த இளைஞர்கள் சாலையிலேயே சிகிச்சை செய்து காட்டிய பிறகுதான் அந்த நாட்டுக்கே இப்படி ஒரு தொழில் இருப்பது புரிந்தது. 1975-ல் நகராட்சி தன் சேவையைத் தொடங்கியதும் ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டார்கள். செய்தவர்களை ஊர் மறப்பது அங்கேயும் நடந்திருக்கிறது.

இனி வேலை. சினிமாவில் காட்டுகிற மாதிரி சைரனும் ஓட்டமுமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். பிரசவமும் சாலை விபத்தும்தான் பெரும்பங்கு. ஆனால் டெல்டாவுக்கென்று சில உண்டு. கட்டுவிரியன் கடி ஒன்று. அறுப்புக் காலத்தில் களத்திலும் திண்ணையிலும் தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடித்துவிட்டுப் போய்விடும். பல பேருக்குக் கடித்ததே தெரியாது; வீக்கம் இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள், இமை தொங்கும், பேச்சு குழறும். ‘குடிச்சிருக்கான்’ என்று வீட்டிலேயே போட்டுவைத்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். விஷமுறிவு மருந்து ஆஸ்பத்திரியில்தான். வண்டியில் நம் வேலை, மூச்சு நின்றுவிடாமல் பார்ப்பது. நின்றால், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையைக் கையால் அமுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆறு விநாடிக்கு ஒரு தடவை. வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு மணி நேர ஓட்டம் என்றால் 600 தடவை. ஒரு தடவை அதிகமாகவும் கூடாது, ஒரு தடவை குறையவும் கூடாது. இரண்டு பக்கமும் வாய்க்கால், நடுவில் வண்டி துள்ளும், எதிரே அறுப்பு மிஷின் வரும், ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால் நின்ற இடத்திலேயே எண்ணிக்கொண்டு அமுக்கவேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் ஒப்படைத்த பிறகு உங்கள் விரல் மடங்காது. அந்த வீட்டார் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள்.

பாம்பு கடித்த இடத்தில் கயிறு கட்டாதே, கீறாதே, பச்சிலை வேண்டாம் என்று சொல்வதும் இந்த வேலைதான். பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதே என்று சொல்வதும்தான். பூச்சிமருந்துக் கேஸ்களைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. விளைச்சல் பொய்த்த வருஷங்களில் அந்த அழைப்பு வரும்போது வண்டிக்குள் பைலட்டும் நானும் பேசிக்கொள்ளவே மாட்டோம். ஓட்டுநரை நாங்கள் பைலட் என்றுதான் சொல்வோம்.

பேச்சு என்றதும் என் தப்பு ஒன்று ஞாபகம் வருகிறது. சேர்ந்த முதல் வருஷம். ஐம்பது வயதிருக்கும் ஒருவர், வேர்த்துக் கொட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூட ஏறிய அவர் மனைவி வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். தாங்கமுடியாமல், “ஒண்ணும் ஆகாதுக்கா, நான் இருக்கேன்ல” என்று சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவருக்கு நாடி இல்லை. இரண்டு மாதம் கழித்துச் சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். திட்டவில்லை. “ஒண்ணும் ஆகாதுன்னியே தம்பி” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. “வழியில செய்ய வேண்டியத செஞ்சுக்கிட்டே போறேங்க, அவர் கையப் புடிச்சுக்குங்க” என்பேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், 41 வயதில் வருகிறவருக்கு இருக்கிற ஒரே பெரிய சாதகம் இதுதான். 23 வயதுப் பையனுக்குக் கை வேகம் இருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் அங்கே யார் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள், யாரை ஓரமாக நிறுத்தவேண்டும், மருமகள் எதை மாமியார் முன்னால் சொல்லத் தயங்குகிறாள் என்பதெல்லாம் அவனுக்குப் பிடிபட வருஷம் ஆகும். நீங்கள் சாவு வீடு பார்த்திருக்கிறீர்கள், கடன் வாங்கியிருக்கிறீர்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கிறீர்கள். “அண்ணே, கொஞ்சம் நகருங்க” என்று நரைத்த மீசையோடு சொன்னால் கூட்டம் நகரும். விபத்தில் அடிபட்டவரின் வீட்டார் செலவை நினைத்துத் தயங்கி நிற்கும்போது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் இருக்கிறது என்று நிதானமாக விளக்க உங்கள் வயது உதவும். சிங்கப்பூரில் பாதுகாப்பு வேலை பார்த்தவர் என்பதால் இன்னொன்றும் இருக்கும். ஓடிப்போய்த் தொடுவதற்கு முன் நின்று பார்க்கும் பழக்கம். 2022 ஏப்ரலில் தஞ்சை களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். கம்பியில் மின்சாரம் நின்றதா என்று தெரியாமல் கை வைக்கக்கூடாது என்பதை நான் மாணவர்களுக்குப் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கு ஒரு தடவை போதும்.

பாதகம் உடம்பு. நெல் கொள்முதல் நிலையத்தில் போடும் சிப்பம் 40 கிலோ. அப்படி இரண்டு சிப்பம் எடையுள்ள மனிதரை, இரண்டே பேர், மாடிப்படி வளைவில் சாய்க்காமல் இறக்க வேண்டும். ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு இரண்டு சிப்பத்தைப் பலகையில் கட்டி இறக்கிப் பாருங்கள். மறுநாள் காலை இடுப்பு உங்களுக்குப் பதில் சொல்லும். ராத்திரி ஷிப்டும் அப்படித்தான். இருபதுகளில் இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். நாற்பதுகளில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் வருகின்றன. எனக்கு வந்தது.

சரி, வழிகள். முறையான படிப்பு என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பம் இருக்கிறது. மூன்று வருஷம் படிப்பு, ஒரு வருஷம் மருத்துவமனைப் பயிற்சி. முடிக்கும்போது உங்களுக்கு 45 ஆகியிருக்கும், நாலு வருஷம் வருமானம் இருக்காது. சேமிப்பு இருந்தாலும் பெண்ணின் படிப்பை முன்னால் வைத்துக் கணக்குப் போடுங்கள். நாடாளுமன்றம் 2021-ல் கொண்டுவந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம் இந்தத் தொழிலைப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்தச் சட்டப்படி துணை மருத்துவப் பட்டயத்துக்கே குறைந்தது 2,000 மணி நேரம் படிப்பு வேண்டும். ஆகவே பேருந்து நிலையத்துக்கு எதிரே, செல்போன் கடை மாடியில், ‘ஆறே மாதத்தில் பாராமெடிக், வெளிநாட்டு வேலை உறுதி’ என்று பேனர் கட்டியிருப்பவர்களிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். சிங்கப்பூர் போகும்போது ஏஜென்டுக்குக் கொடுத்து ஏமாந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான் இதுவும்.

தனியார் மருத்துவமனை ஆம்புலன்ஸ்களில் 108 மாதிரி வயது வரம்பு இல்லை. ஆனால் அவர்கள் பெரும்பாலும் தங்கள் நர்ஸையே ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். படிப்பில்லாமல் போனால் உங்களை ஸ்ட்ரெச்சர் தள்ளத்தான் வைப்பார்கள்.

என் யோசனை வேறு. நீங்கள் கையில் வைத்திருப்பதைத் தூக்கிப் போடவேண்டாம். சட்டப்படி 500 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும், அதில் ஆள் இருக்க வேண்டும். பாதுகாப்பு அனுபவமும் முறையான முதலுதவிச் சான்றும் சேர்ந்த ஆள் சுலபத்தில் கிடைப்பதில்லை. செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அல்லது செஞ்சிலுவைச் சங்கத்தின் முதலுதவிப் பயிற்சியை முதலில் முடியுங்கள். நெஞ்சை அமுக்குவதை ஒரு பொம்மையில் முறையாகப் பழகுங்கள்: ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிஷத்துக்கு 100 முதல் 120. இரண்டு நிமிஷம் செய்து பாருங்கள், இது வயதானவர் வேலையா இல்லையா என்பது தெரிந்துவிடும். பிறகு உங்கள் ஊரிலேயே பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுங்கள். வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் கோட்டூர்ப் பக்கத்துக் கிராமத்துக்குக் கால் மணி நேரமாவது ஆகும். நின்ற இதயம் அவ்வளவு நேரம் காத்திருக்காது. அந்தக் கால் மணி நேரத்தில் அங்கே இருக்கப்போகிறவர் நீங்கள்தான். அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவர்மேல் வழக்குப் போடக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே இருக்கிறது. ‘போலீஸ், கோர்ட்டுன்னு அலையணும்’ என்று பயப்படுகிறவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

இதைக் கேட்டு உங்களுக்குச் சப்பென்று இருக்கலாம். யூனிஃபார்ம் போட்டு வண்டியில் ஏறவேண்டும் என்ற ஆசை எனக்குத் தெரியாததா? ஆனால் அப்பாவுக்காக அன்று வந்த பையனின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் கேள்வியில் அவன் பெயர் இல்லை. மதிப்பு வேண்டும் என்று இந்தப் பக்கம் வருகிறவர்கள் ஒரு வருஷத்தில் கசந்துபோகிறார்கள். நான் பழக்கிவிட்ட பையன்களிலேயே சிலர் அப்படிப் போனார்கள்.

அதையும் தாண்டிப் படித்துத்தான் தீருவேன் என்றால், கல்லூரியில் சேரும் முன் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்பே மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தப் பல்கலைக்கழகம், பயிற்சிக்கு எந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவு, வண்டியில் எத்தனை மணி நேரம் ஏற்றுவார்கள். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, நீங்கள் எழுதாமல் விட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவா, வேறு பிரிவா? உயிரியல் இல்லையென்றால் அந்தப் பட்டப்படிப்பைப் பற்றிப் பேசுவதே வீண். அதைச் சொல்லுங்கள், மேற்கொண்டு எழுதுகிறேன்.